பழைய கணிப்பொறியில் இரண்டாவது இயங்குதளம்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவுற்றன. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் உழைத்த இயங்குதளம் அது. அன்றைய தினம் எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. மறுநாட் காலையிலும் அவை வழக்கம்போலவே இயங்கின. ஆகையால் பலர் இச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்திய சிலரோ கடைக்காரரை அணுகி, "புதிது வாங்கிவிடுங்கள்" என்ற ஒரே விடையைப் பெற்றுத் திரும்பினர். வாளாவிருத்தல், புதிது வாங்குதல் ஆகிய இவ்விரண்டுக்கும் இடையே வேறொரு வழி உண்டு. விண்டோஸை அகற்றாமல், அதே கணிப்பொறியில் அதன் அருகிலேயே லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ளுதலே அவ்வழி. களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் தம் வீட்டில் வைத்திருக்கும் பழைய கணிப்பொறிக்கு அதுவே பெரும்பாலும் ஏற்றது என்பது என் கருத்து.

பழைய கணிப்பொறியில் விண்டோஸ் 11-ஐ ஏன் ஏற்ற இயலாது என்று வினவலாம். 2021 அக்டோபரில் வெளிவந்த அவ்வியங்குதளம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு கணிப்பொறியில் இருத்தல் வேண்டும் என்கிறது. இன்டெல் செயலியாயின் அது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சார்ந்ததாக இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்தது 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில். ஆகவே 2012 முதல் 2016 வரை வாங்கிய மடிக்கணினிகள், அவை எவ்வளவு செவ்வையாக இயங்கினும், இவ்விதியால் புறத்தே நிறுத்தப்படுகின்றன. கனாலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம், இக்காரணத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடிக் கணிப்பொறிகள் மின்கழிவாக மாறக்கூடும் என்று 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. விதியைச் சுற்றிச்சென்று விண்டோஸ் 11-ஐப் பழைய பொறியில் ஏற்றும் உபாயங்களும் வழக்கில் உள்ளன. உற்பத்தியாளரே பொறுப்பேற்காத முறையை ஆசிரியர் ஒருவர்க்குப் பரிந்துரைக்க எனக்கு விருப்பமில்லை.

திருத்தம் நின்றதால் நேரும் கேடு யாதெனின், இயங்குதளத்தில் அவ்வப்போது கண்டறியப்படும் ஓட்டைகள் இனி அடைக்கப்படமாட்டா. ஓட்டை இருப்பது கள்வர்க்குத் தெரியும். வீட்டுக்காரர்க்கு அதை அடைக்கும் வழியில்லை. தனிப்பட்டோர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் நீடிக்கும் என்று அந்நிறுவனம் ஓராண்டுத் தவணையும் அறிவித்தது. தவணை தவணையே. வங்கிக் கணக்கையும் ஆதார் எண்ணையும் மாணவர் விவரங்களையும் கையாளும் ஒரு பொறியில் இக்கேட்டைச் சிறிதென்று கருதலாகாது. ஆனால் இக்கேடு வந்து சேரும் பெருவாயில் இணையமே. இணையத்தோடு தொடர்பின்றி இயங்கும் விண்டோஸ் 10-க்கு ஆபத்து மிகக் குறைவு. என் வாதம் முழுவதும் இவ்வொரு செய்தியின்மீதே நிற்கிறது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கணிப்பொறி வேறு, இயங்குதளம் வேறு என்பதை முதலில் தெளிதல் அவசியம். செயலி, நினைவகம், ஹார்ட் டிஸ்க், திரை, விசைப்பலகை ஆகியன பொறி. இவற்றை ஒருங்கே ஆண்டு, நாம் தரும் கட்டளைகளை இவற்றிடம் சேர்ப்பிக்கும் மென்பொருளே இயங்குதளம். கடையில் வாங்கும்போதே விண்டோஸ் உள்ளே அமர்ந்திருப்பதால் இரண்டும் ஒன்றென்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். ஒரே ஹார்ட் டிஸ்க்கை இரு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸும் மற்றொன்றில் லினக்ஸும் வைக்கலாம். பொறியை முடுக்கும்போது எது வேண்டும் என்று திரையில் ஒரு பட்டியல் கேட்கும்; தேர்ந்தெடுத்தது மட்டும் எழும்; மற்றது உறங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை ஆதலால், நினைவகத்துக்கு இரட்டைச் சுமை ஏதும் இல்லை.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்களும், பின்லாந்தில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கருநிரலும் இணைந்து உருவானது அது. எவரும் விலையின்றிப் பெறலாம், நகலெடுக்கலாம், மாற்றியமைக்கலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் பெயரில் இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸ் பதிப்பை 2007 முதல் வெளியிட்டுவந்துள்ளது. திறந்த மூல மென்பொருளை அரசு அலுவலகங்கள் ஏற்பது குறித்த கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. கேரளத்தில் 2001-இல் தொடங்கி, 2017-இல் கைட் எனப் பெயர் மாறிய அமைப்பு, அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் பதிப்பைத் தயாரித்து வழங்குகிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் மாணவர் பெற்ற பொறிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. இரண்டாவதை ஒரு முறையேனும் திறந்து பாராமலே கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞர் சிலரை நான் அறிவேன். அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. திறந்து காட்டுவார் அருகில் இல்லை என்பதே உண்மை.

இனி, ஏன் அருகில் நிறுவ வேண்டும், ஏன் விண்டோஸை முற்றிலும் அகற்றிவிடலாகாது என்னும் வினாவுக்கு வருவோம். லினக்ஸ் அன்பர்கள் பலர் முழு மாற்றத்தையே வலியுறுத்துவர். இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பது அரைமனம் என்பது அவர்கள் துணிபு. அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன்; ஆயினும் அவர்கள் தம் பொறிக்குத் தாமே எஜமானர். களப்பணியாளர் நிலை அத்தகையதன்று. எக்செல் மேக்ரோக்கள் அடங்கிய படிவம் ஒன்றைத் துறை அனுப்புகிறது. நாளை மாலைக்குள் நிரப்பித் தருமாறு உத்தரவு. லினக்ஸில் வழங்கும் லிப்ரே ஆபீஸ் சாதாரணக் கோப்புகளைச் செவ்வையாகத் திறக்கும். மேக்ரோக்கள் நிறைந்த படிவத்தில் பல வேளைகளில் இடறும். பழைய அச்சுப்பொறிக்கோ ஸ்கேனருக்கோ உரிய இயக்கி விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்கலாம். எழுத்துருவோடு சேர்ந்த பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வேறு உண்டு. வீட்டில் உள்ளது ஒரே பொறி. அதை மகனும் மகளும் வேறு பயன்படுத்துகின்றனர். இந்நிலையில் விண்டோஸை ஒரே நாளில் அழித்துவிடு என்று கூறுவது எளிது. உத்தரவின்படி அறிக்கை அனுப்ப வேண்டியவர் கூறுபவர் அல்லர்.

ஆகவே வேலையைப் பகிர்ந்துவிடுதலே முறை. இணையம் சார்ந்தன யாவும் லினக்ஸுக்கு: மின்னஞ்சல், வங்கி, அரசு இணையத்தளங்கள், காணொலிப் பாடங்கள், கட்டுரை எழுதுதல். விண்டோஸ் மட்டுமே செய்யவல்ல சில பணிகள் விண்டோஸுக்கு. அப்பணிகளுக்காக அதைத் திறக்கும்போது இணையத் தொடர்பைத் துண்டித்துவிடல் வேண்டும். கோப்புகளை எடுத்துவர ஊடே பென்டிரைவ் தேவையில்லை; லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்து படிக்கவும் எழுதவும் இயலும். மறுதலையாக, விண்டோஸ் தானாக லினக்ஸ் பகுதியைப் படிப்பதில்லை. இப்பணியில் அது ஒரு வகைப் பாதுகாப்பே.

நிறுவுதலைப் பற்றிக் கூறுமுன், அதனினும் முக்கியமான ஒன்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகளை மாற்றியமைக்கும் எந்தப் பணியும் அதிலுள்ள அனைத்தையும் இழக்கச் செய்யும் ஆற்றல் உடையது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஒன்றும் நேராது என்று சொல்லித் துணிவூட்டுவோர் உண்டு. எஞ்சிய பத்தில் அகப்பட்டவரிடம் அவர்கள் பேசியதில்லை போலும். எங்கள் அரசுக் குடியிருப்பில் வாழும் ஓர் ஆசிரியை, பொறி மந்தமாயிற்று என்று ஒரு பழுதுபார்க்கும் கடையிற் கொடுத்தார். கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றி, நல்லெண்ணத்தோடு திருப்பித் தந்தார். பொறி விரைவாகத்தான் ஓடிற்று. ஆனால் பதினோர் ஆண்டுகளாக அவர் தயாரித்த பாடக்குறிப்புகளும், மாணவர் நடித்த நாடகங்களின் படங்களும், மறைந்த தந்தையாரின் குரல் பதிவு ஒன்றும் போயின. பாடக்குறிப்பை மீண்டும் எழுதிவிடலாம் என்றார் அவர். மற்றவற்றைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. எனவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து, அந்நகலை வேறொரு பொறியில் திறந்துபார்த்துச் சரிகண்ட பின்னரே அடுத்த அடி வைக்க வேண்டும். திறந்துபாராத நகல் நகலாகாது. டெஸ்க்டாப்பிலும், டவுன்லோட் கோப்புறையிலும் சிதறிக் கிடப்பவற்றையும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மறத்தல் கூடாது.

எந்தப் பதிப்பை நிறுவலாம்? லினக்ஸில் பதிப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அந்த மிகுதியே புதியவரை மிரட்டுகிறது. பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு போதும் என்பேன். 2 ஜி.பி. நினைவகம் அதற்குக் குறைந்த அளவு, 4 ஜி.பி. இருந்தால் வசதி. 2024 ஜூலையில் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். முகப்பின் கீழ்ப்பட்டையும் பட்டியலும் விண்டோஸைப் போலவே இருப்பதால் குழந்தைகளும் முதியோரும் தடுமாறுவதில்லை. பொறி 32-பிட் வகையைச் சார்ந்ததாயின் அதற்கு மின்ட் 22 பொருந்தாது. டெபியன் இயங்குதளமும் 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பிலிருந்து அவ்வகைப் பொறிகளுக்கு நிறுவல் வட்டு வெளியிடுவதில்லை. அதன் முந்தைய 12-ஆம் பதிப்பையே நாட வேண்டும். அத்துணைப் பழைய பொறிக்கு இவ்வளவு உழைப்பும் தகுமா என்பதை உரியவரே தீர்மானிக்க.

இயங்குதளக் கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. அளவுடையது. அதை மின்ட் தளத்திலிருந்து இறக்கி, அங்கே தந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பார்த்தபின், ரூஃபஸ் போன்ற மென்பொருளால் 8 ஜி.பி. பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோம். பொறியை முடுக்கியவுடன் எப்12, எப்9, எஸ்கேப் ஆகிய விசைகளுள் ஒன்றை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பென்டிரைவைத் தேர்ந்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் எழுந்து இயங்கும். இவ்வெள்ளோட்ட வசதியை நம்மவர் அவசரத்தில் தாண்டிவிடுகின்றனர். அது தவறு. ஒரு மாலைப்பொழுது முழுவதும் இவ்வாறே இயக்கிப்பாருங்கள். ஒலி வருகிறதா, வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித்திறந்தால் விழிக்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா எனச் சோதியுங்கள். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இடறுவது வைஃபை. பிராட்காம் வகைச் சில்லுகள் சிலவற்றுக்குத் தனி இயக்கி வேண்டும்; அதை இறக்க இணையம் வேண்டும்; இணையத்துக்கு வைஃபை வேண்டும்! இச்சுழலிலிருந்து விடுபடக் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

சோதனை திருப்தியளித்தால் விண்டோஸுக்குத் திரும்பி மூன்று காரியங்களை முடிக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் வழக்கில் வந்த விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்துதல் முதலாவது. அது இயங்கும் வரையில் விண்டோஸை அணைத்தாலும் அது முற்றிலும் அணைவதில்லை. பாதி உறக்கத்திலேயே கிடக்கிறது. அந்நிலையில் அதன் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் சிதையும். ஆதலால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே இசையும், அல்லது திறக்கவே மறுக்கும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல் இரண்டாவது. பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை நீக்கிவிடுதல் நன்று. மூன்றாவது, விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியைச் சுருக்கி, 60 முதல் 100 ஜி.பி. வரை வெற்றிடம் உண்டாக்குதல். நகர்த்தவொண்ணாத கோப்புகள் நடுவில் இருந்தால், எவ்வளவு காலியிடம் இருந்தாலும் ஓரளவுக்குமேல் அது சுருங்க மறுக்கும். கேட்ட அளவு கிடைக்காவிடில், கிடைத்ததோடு அமைதல் உத்தமம்.

பழைய முறையில் பிரிக்கப்பட்ட வட்டுகளில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்குமேல் அமைக்க முடியாது. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் உற்பத்தியாளரே நான்கையும் நிரப்பிவிட்டிருப்பார்: தொடக்கப் பகுதி ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, மீட்புக்கு ஒன்று, தம் கருவிகளுக்கு ஒன்று. வெற்றிடம் இருந்தும் புதிய பகுதி அமையவில்லையே என்று திகைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அவ்வேளையில் வட்டை இயங்குநிலை வட்டாக மாற்றலாமா என்று விண்டோஸ் கேட்டால், கூடாது என்றே விடையளிக்க வேண்டும். மாற்றினால் லினக்ஸ் நிறுவுவது பெரும் சிக்கலாகிவிடும். இந்நிலை உள்ளோர் விவரமறிந்தவர் துணையை நாடுவதே நலம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் உயிரிழந்தே இருக்கும். வட்டின் பகுதி சுருங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விளைவது பெருநாசம். இன்வெர்ட்டர் அல்லது யூ.பி.எஸ். இல்லாத வீட்டில் இப்பணியைத் தொடங்கவே வேண்டாம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டுவன பலவாயினும், உயிர்நாடியான இடம் ஒன்றே. விண்டோஸின் அருகில் நிறுவுக என்று ஒரு வரி; வட்டை அழித்துவிட்டு நிறுவுக என்று ஒரு வரி; வேறு முறை என்று மற்றொரு வரி. இவை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில் நிற்கின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: திரையில் வரும் சொல்லை விளங்கிக்கொள்ளாமல் அடுத்து, அடுத்து என்று அழுத்திச்செல்லும் பழக்கத்தை நமக்குக் கற்பித்தது, அச்சொற்கள் நம் மொழியில் இல்லாமற்போன இருபது முப்பது ஆண்டுகளே. படியாமலே ஒப்புக்கொள்வது பெரும்பாலான இடங்களில் தீங்கற்றது. இவ்விடத்தில் அது பதினோர் ஆண்டு உழைப்பைத் துடைத்துவிடும். அருகில் நிறுவுக என்னும் வரி தோன்றவே இல்லையெனில், பென்டிரைவ் ஒரு முறையிலும் விண்டோஸ் வேறொரு முறையிலும் தொடங்கியிருத்தல் கூடும், புதிய யூ.இ.எப்.ஐ. முறையும் பழைய பயாஸ் முறையும் தம்முள் கலவா. அப்போது நிறுவலைக் கைவிட்டு வெளியேறி, தொடக்கப் பட்டியலில் பென்டிரைவை மற்றொரு முறையில் தேர்ந்து பார்க்க வேண்டும். மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று இறுதியாக ஒரு வினா வரும். அதுவரை எதுவும் அழிந்திராது. அதன்பின் திரும்ப வழியில்லை.

நிறுவி முடிந்தபின் பொறியை முடுக்கினால் கிரப் என்னும் பட்டியல் தோன்றும். சில நொடி காத்திருந்து, எதையும் தேர்ந்தெடுக்காவிடின் லினக்ஸே எழும். விண்டோஸுக்குச் சென்றதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கக் கண்டு பலர் பொறி கெட்டதென்றே அஞ்சுவர். லினக்ஸ் பொறியின் உள்கடிகாரத்தை உலகப் பொதுநேரத்திலும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரத்திலும் வைத்திருப்பதே காரணம். இந்திய நேரத்துக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள வேறுபாடு 5 மணி 30 நிமிடம் அன்றோ? உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டால் இது தீரும். வகுப்பில் கால மண்டலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரே வீட்டில் இரு குடித்தனம் என்றால் உரசல் இல்லாமற் போகாது. 2024 ஆகஸ்டில் வெளிவந்த ஒரு விண்டோஸ் திருத்தம், இரட்டை அமைப்புள்ள பொறிகள் சிலவற்றில் லினக்ஸ் தொடங்காதபடி செய்துவிட்டது. முற்றிலும் சீராக 2025 மே வரை காத்திருக்க நேர்ந்தது. விண்டோஸ் 10-ஐ இணையத்திலிருந்து விலக்கி வைத்தால் இத்தகைய தொல்லையும் பெரும்பாலும் குறைகிறது. மறுபுறம், லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் விண்டோஸிலிருந்து அதன் பகுதியை வெறுமனே அழித்துவிடலாகாது. தொடக்கப் பட்டியலின் கோப்புகள் அப்பகுதியிலேயே இருப்பதால், அடுத்த முறை பொறி கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸின் தொடக்க அமைப்பை முதலில் மீட்டபின்பே பகுதியை நீக்க வேண்டும். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் ஒன்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளுதல் இதற்கும் உதவும்.

தமிழ் எழுதுவோர்க்கு லினக்ஸ் எவ்வாறு? இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. நாள்தோறும் அதில்தான் மொழிபெயர்க்கிறேன். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைமுறை, ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சுப்பொறியில் பயின்றோர்க்கு அம்முறை என மூன்றும் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு விலையின்றிக் கிடைக்கின்றன. தட்டச்சுத் தேர்வில் தேறிய மூத்த எழுத்தர்கள் தம் விரற்பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை என்பது சிறு நன்மையன்று. இடர்ப்பாடு பழைய கோப்புகளில். பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவினால் அவை தெரியும். ஆயினும் அது தற்காலிக ஏற்பாடே. அக்கோப்புகளை யூனிகோடு முறைக்கு மாற்றிவிடுதல் எந்த இயங்குதளத்திலும் வேண்டற்பாலது. கிராம அளவிலான பழைய பயிர்ப் பதிவுகளும் பள்ளி மலர்களும் எத்தனையோ வட்டுகளில் இவ்வாறு கிடக்கின்றன. விண்டோஸ் பகுதியும் அதிலுள்ள பழைய மென்பொருளும் உயிரோடு இருக்கும்போதே இம்மாற்றத்தை முடித்துவிடலாம் என்பதும், நான் அருகமைவை ஆதரிப்பதற்கு ஒரு காரணம்.

லினக்ஸ் ஏற்றியதும் பழைய பொறி புதியதாகிவிடும் என்று சிலர் பறைசாற்றுவர். அது மிகை. இயங்குதளம் தனக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகம் குறையும். ஆனால் நினைவகத்தை விழுங்குவது பெரும்பாலும் உலாவியே, அஃது எங்கும் அதே பசியுடையது. 4 ஜி.பி. பொறியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால் லினக்ஸும் திணறும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துதல், எந்த இயங்குதள மாற்றத்தினும் கண்கூடான வேகத்தைத் தரும். பணம் சிறிது செலவிட இயல்வோர் அதை முதலிற் செய்து, அதன்மேல் இரு இயங்குதளங்களையும் அமைக்கலாம்.

இவ்வளவு கூறியபின் துறைகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஊழியர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய பொறியில் அலுவலகப் பணியைச் செய்கின்றனர். அவர்களுக்கு அனுப்பும் படிவம், ஒரு நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் மட்டுமே திறக்குமாயின், அம்மென்பொருளையும் அதற்கேற்ற புதிய பொறியையும் வாங்குமாறு மறைமுகமாக ஆணையிடுவதாகவே முடிகிறது. உலாவியில் நிரப்பத்தக்க படிவமோ, எந்த இயங்குதளத்திலும் திறக்கும் எளிய அட்டவணையோ போதுமானது. மேக்ரோ படிவங்கள் ஒழிந்தால், இக்கட்டுரையில் விண்டோஸுக்கு நான் ஒதுக்கிய வேலையிற் பாதி மறைந்துபோம்.

நிறுவி ஓராண்டு சென்றபின் ஒரு கணக்குப் பாருங்கள். விண்டோஸைத் திறந்தது இரண்டு மூன்று முறைதான் என்றால், அதன் பகுதியை நீக்கி இடத்தை மீட்கலாம். வாரந்தோறும் திறக்கிறீர்கள் என்றால் இருக்கட்டும். பணியைத் தொடங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கிக்கொள்ளுதல் போதும்: முதலாவது நகலெடுக்கவும் பென்டிரைவிலிருந்து வெள்ளோட்டம் பார்க்கவும், இரண்டாவது நிறுவவும். மாதக்கடைசியில், அறிக்கை அனுப்பும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.